மிதிக்காத பிரேக்

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் போயிருந்தேன். போனது அம்மனுக்கா, பொரிச்ச பரோட்டாவுக்கா என்பது எனக்கும் அம்மனுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். மறுநாள், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டு அக்காவைப் பார்க்காமல் போனால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாளே' என்று பயந்து ஆனைக்குட்டத்துக்கு பஸ் ஏறினேன்.

ஆனைக்குட்டம் என்றதும் சிலருக்கு அர்ச்சுனா நதி அணைக்கட்டு ஞாபகம் வரும். எனக்கு அக்கா ஞாபகம்தான் வரும். இரண்டுமே திறந்துவிட்டால் லேசில் நிற்காது.

அன்று வாசற்படியிலேயே திறந்துவிட்டாள்.

"வாடா தம்பி, நல்ல நேரத்துல வந்த! புஸ்தகத்துல எல்லாம் எழுதுறியே, உன் மருமகனுக்கு நாலு வார்த்தை எழுதக்கூடாதா? பய வீட்டுக்குள்ள கார் ஓட்டுறான்டா!"

திடுக்கிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். கார் இல்லை. காருக்கு உண்டான மற்ற எல்லாம் இருந்தன. அக்காவின் தையல் மிஷின் மேஜையில் ஒரு ஸ்டீயரிங்கை முறுக்கி மாட்டியிருந்தான். கீழே மிஷினின் கால்மிதிக்குப் பக்கத்தில் ஆக்ஸிலரேட்டர், பிரேக், கிளட்ச் மூன்றும். எதிரே கம்ப்யூட்டர். பிளாஸ்டிக் நாற்காலியின் காலில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை ஆட்டுக்கல்லில் முடிச்சுப் போட்டிருந்தான்.

"இது எதுக்கு மருமகனே?"

"பிரேக்கை ஓங்கி மிதிச்சா கார் நிக்கிறதுக்குப் பதிலா நாற்காலி பின்னால போயிருது மாமா."

மருமகனுக்கு சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கணக்கெழுதும் வேலை. காலண்டர் சீசன் வந்துவிட்டால் தூங்கக்கூட நேரமிருக்காது. தீபாவளி போனஸ் பணத்தில் சென்னையில் யாரோ கைமாற்றிவிட்ட இந்த ஸ்டீயரிங்-பெடல் செட்டை கூரியரில் வரவழைத்திருக்கிறான். அன்றிலிருந்து அக்கா ஒரு ஜாக்கெட் தைக்கவில்லை. தகராறு அங்கேதான் ஆரம்பம்.

ஆனால் அவன் முகம் வாடியிருந்தது அக்காவின் அர்ச்சனையால் அல்ல. "மாமா, இங்க பாருங்க" என்று உட்கார்ந்தான். திரையில் இத்தாலியின் மோன்ஸா பந்தயத் தடம். 1922-ல் கட்டியது. நீள நீளமான நேர் ரோடுகள், கடைசியில் ஒரு குறுகல் வளைவு. கார் நேர் ரோட்டில் சீறிக்கொண்டு போகிறது. திடீரென்று ஒரு குலுக்கல். பின்னால் சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்றது.

"ஏன்யா பிரேக் அடிச்ச?"

"அதான் மாமா விஷயமே. என் காலைப் பாருங்க."

இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். திரையின் மூலையில் பிரேக்கைக் காட்டும் சிவப்புக் கோடு தானாகவே எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கோ, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வருகிற குடிமகன் மாதிரி இடமும் வலமும் ஆடியது.

வீட்டுக்குள் தனியாக ஓட்டினால் இது வெறும் தொந்தரவு. இவன் ஞாயிறு ராத்திரிகளில் பதினெட்டு பேரோடு இன்டர்நெட்டில் பந்தயம் ஓடுகிறான். பெங்களூர், கொச்சி, துபாய் என்று ஆளுக்கொரு ஊர். போன ஞாயிறு நேர் ரோட்டில் இவன் பிரேக் தானாகப் பிடிக்க, பின்னால் வந்த மூன்று பேர் இவன் மேல் ஏறிக் கவிழ்ந்திருக்கிறார்கள். 'வேணும்னே பிரேக் அடிச்சு இடிக்க வைக்கிறான்' என்று புகார். பந்தய உலகத்தில் இது கிட்டத்தட்ட திருட்டுப் பட்டம். இன்னொரு தடவை நடந்தால் பெயரை அடித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"பெடல் தானா அடிக்குதுன்னு சொன்னேன் மாமா. 'மாட்டுறவன் எல்லாம் அதைத்தாண்டா சொல்வான்'னு சிரிக்கிறாங்க. இந்த ஞாயித்துக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கு."

அக்கா காபியோடு வந்தாள். "விளையாட்டுச் சாமானுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியுறான் பாரு!"

இந்த இடத்தில் நான் மருமகன் கட்சி. விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டில் உட்கார்ந்து ப்ளே ஸ்டேஷனில் கார் ஓட்டிக்கொண்டிருந்த ஜான் மார்டன்பரோ என்ற பிரிட்டிஷ் பையன், 2011-ல் நிஸான் கம்பெனி நடத்திய ஜி.டி. அகாடமி போட்டியில் ஜெயித்து நிஜக் காரில் ஏறினான். 2013-ல் பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவன் பிரிவில் மூன்றாம் இடம். அதை 2023-ல் சினிமாவாகவும் எடுத்துவிட்டார்கள். நம் ஊரிலும் 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் கார் பந்தயம் விட்டார்கள். 2025 ஜனவரியில் அஜித் துபாயில் பயிற்சியின்போது காரை மோதி, சில நாள் கழித்து அவருடைய டீம் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. மருமகன் சுவரில் அந்தப் படம்தான்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். "அவுகளுக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிற அம்மா கிடையாதுடா" என்றாள். கேஸ் தள்ளுபடி.

என் மச்சான் இதில் எதிலும் பட்டுக்கொள்ளாமல் திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். சிவகாசியிலிருந்து பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று போவார். ஊரெல்லாம் தீபாவளிக்கு வெடி வெடிக்கும்போது, அந்த வெடியை ஏற்றிக்கொண்டு போனவர் எங்கேயாவது டோல்கேட்டில் நிற்பார். மகனுக்கு அவர் போட்ட ஒரே கண்டிஷன்: ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது, பேனா பிடித்துத்தான் பிழைக்க வேண்டும். பையன் பேனா பிடித்துச் சம்பாதித்து ஸ்டீயரிங் வாங்கியிருக்கிறான். பேச்சுவார்த்தை குறைவாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

சரி, பிரேக்குக்கு வருவோம்.

மருமகன் அதுவரை என்னென்ன செய்திருந்தான் என்று கேட்டேன். கேமை அழித்து மறுபடி ஏற்றியிருக்கிறான். விண்டோஸையே அழித்து மறுபடி ஏற்றியிருக்கிறான். டிரைவர் சாஃப்ட்வேரில் நாலு வெர்ஷன். கம்ப்யூட்டர் படித்த நம் பையன்களுக்கு இருக்கிற ஒரே வியாதி இது. எது கெட்டாலும் சாஃப்ட்வேரில்தான் தேடுவார்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க மாட்டார்கள்.

முதலில் செய்ய வேண்டியது ஒரு சின்ன சோதனை. காசே செலவில்லை. விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் ஜாய் என்று அடித்து, ஒரு புள்ளி வைத்து, சி.பி.எல். என்று அடித்து என்டர் தட்டுங்கள். மாட்டியிருக்கிற ஸ்டீயரிங்கின் பெயர் வரும். ப்ராப்பர்ட்டீஸ், அதில் செட்டிங்ஸ், அதில் காலிப்ரேட். போகிற வழியில் 'டிஸ்ப்ளே ரா டேட்டா' என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் பண்ணிவிடுங்கள். இப்போது படம் இல்லாமல் பச்சை நம்பராகவே தெரியும். பெடல் கம்ப்யூட்டரிடம் என்ன சொல்கிறது என்பதை, நடுவில் கேம் புகுந்து மெழுகிப் பூசாமல், நேராகக் கேட்கலாம்.

மருமகனுடைய பெடலில் அந்த நம்பர் 0-விலிருந்து 1023 வரை. காலை எடுத்துவிட்டுப் பார்த்தோம். ஆக்ஸிலரேட்டரும் கிளட்ச்சும் நாலு, ஐந்து என்று லேசாகத் துடித்தன. பிரேக் மட்டும் 0, 3, 0, 180, 0 என்று லாட்டரி ரிசல்ட் வாசித்தது. பிறகு ஒவ்வொரு பெடலையும் ஆமை வேகத்தில் அமுக்கச் சொன்னேன். ஆக்ஸிலரேட்டர் ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்து முந்நூறு சுமாருக்கு வந்ததும் ஒரு எகிறு எகிறி மறுபடி ஒழுங்கானது. எத்தனை தடவை அமுக்கினாலும் அதே இடம். ஸ்டீயரிங் நம்பரோ அசையவே இல்லை, கல் மாதிரி நின்றது.

இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்த்ததுதான் பாதி வைத்தியம். எல்லாமே எல்லா இடத்திலும் லேசாகத் துடித்தால் கோளாறு வயரில், கரண்டில். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எகிறினால் உள்ளே தூசி. தொடாதபோதே பெரிய நம்பராகக் குதித்தால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது, அல்லது வயர் அறுந்துகொண்டிருக்கிறது. நம்பர் அசையாமல், ஓட்டும்போது மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் அது கோளாறே இல்லை. அது வேறு கதை, பிறகு சொல்கிறேன்.

வயர் விஷயம் உடனே முடிந்தது. கம்ப்யூட்டர் பின்பக்கம் எட்டாதென்று ஒரு மலிவு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு, அதன் நுனியில் நாலு ஓட்டை டப்பா ஒன்று மாட்டி, அதிலேயே செல்போன் சார்ஜர், ஒரு குட்டி ஃபேன், இந்த ஸ்டீயரிங் எல்லாவற்றையும் சொருகியிருந்தான். யூ.எஸ்.பி.யில் வருவதே 5 வோல்ட். அதை நாலு பேர் பங்கு போட்டால் யாருக்கு வயிறு நிறையும்? ஸ்டீயரிங்கைப் பிடுங்கி நேராகக் கம்ப்யூட்டரின் முதுகில் சொருகினோம். பெடல் செட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் உள்ள சொருகியையும் கழற்றி நன்றாக அழுத்தி மாட்டினோம். நாலு, ஐந்து என்ற துடிப்பு ஒன்றாகக் குறைந்தது. ஒன்று, அரை துடித்தால் பரவாயில்லை. யாருக்குத்தான் துடிக்கவில்லை?

அடுத்தது தூசி. இதற்கு எங்கள் தலைமுறைக்கு விளக்கமே தேவையில்லை. வீட்டில் பழைய ரேடியோ இருந்தவர்களுக்குத் தெரியும். வால்யூம் குமிழைத் திருகினால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் 'கர்ர்ர்' என்று காது கிழியும். அப்பா இரண்டு முறை முன்னும் பின்னும் வேகமாகத் திருகுவார், சரியாகிவிடும். செய்தி வாசிக்கிறவர் கரகரத்தாலும் அதே வைத்தியம்தான் செய்வார். பெடலுக்குள் இருப்பது அதே வால்யூம் கன்ட்ரோல்தான் ஐயா! பொட்டென்ஷியோமீட்டர் என்று பெரிய பெயர். பிறை வடிவில் ஒரு கரிப் பட்டை, அதன் மேல் உரசிக்கொண்டு நகரும் மெல்லிய உலோக விரல். பட்டையின் ஒரு முனையில் 5 வோல்ட், மறு முனையில் பூஜ்யம். விரல் எங்கே நிற்கிறதோ அதற்குத் தக்க வோல்ட் நடுக் காலில் வரும். அதைத்தான் கம்ப்யூட்டர் நம்பராக மாற்றிக்கொள்கிறது. விரலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு துகள் புகுந்தால் விரல் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். ரேடியோவில் அது 'கர்ர்ர்'. காரில் அது பிரேக்.

அந்த நாள் கம்ப்யூட்டர்களிலும் இதே வால்யூம் கன்ட்ரோல்தான். 1981-ல் ஐ.பி.எம். பி.சி.க்கு வந்த ஜாய்ஸ்டிக் கார்டு, வோல்ட்டைக்கூட அளக்காது. இந்த மின்தடை வழியாக ஒரு கெபாஸிட்டர் நிரம்ப எத்தனை நேரம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்து, கைப்பிடி எங்கே இருக்கிறது என்று ஊகிக்கும். குடம் நிரம்புகிற நேரத்தை வைத்துக் குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதைப் போல. தண்ணீர் லாரி ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்.

திருத்தங்கலில் ஒரு டி.வி. மெக்கானிக் அண்ணாச்சி இருக்கிறார். பெடல் பெட்டியை டி.வி.எஸ். ஃபிப்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனோம். அண்ணாச்சி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஹார்மோனியமா?"

விஷயத்தைச் சொன்னதும் பெட்டியைத் திருப்பி ஏழு ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே பார்த்துவிட்டு, "அட, நம்ம பத்து கே வால்யூம்!" என்று சொந்தக்காரனைச் சந்தையில் பார்த்த மாதிரி சந்தோஷப்பட்டார். உள்ளே ஒரு கைப்பிடித் தூசி, தையல் நூல் பிசிறுகள், ஜாக்கெட் ஊக்கு ஒன்று. (அக்காவிடம் ஊக்கைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். பேசவில்லை.)

கான்டாக்ட் க்ளீனர் என்று ஸ்ப்ரே டப்பா விற்கிறது. எண்ணெய்ப் பசை விடாமல் ஆவியாகிவிடும் ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். அது கிடைக்காத ஊரில் ஐஸோப்ரொப்பைல் ஆல்கஹால். வால்யூமின் முதுகில் இருக்கிற இடுக்கு வழியே ஒரு பீச்சு, பிறகு முனையிலிருந்து முனை வரை முப்பது தடவை திருகு, பிறகு காயவிடு. அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய், சைக்கிள் செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரே எல்லாம் அப்போதைக்கு வழவழவென்று இருக்கும், ஒரு மாதத்தில் ஊர்த் தூசியெல்லாம் அதில் வந்து ஒட்டும். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும், நெருப்பும் பிடிக்கும். க்ளீனரும் பெரும்பாலும் தீப்பிடிக்கிற சாமான்தான். வயரைப் பிடுங்கிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, காய்ந்த பிறகுதான் மறுபடி கரண்ட். பட்டாசு ஊரில் இதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாச்சி டப்பாவைக் கையில் எடுத்ததுமே, கடை வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

ஆக்ஸிலரேட்டர் அதிலேயே குணமாகிவிட்டது. பிரேக் ஆகவில்லை. விரல் அதிகம் உரசுகிற இடத்தில் கரிப்பட்டை தேய்ந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. தூசியைத் துடைக்கலாம், தேய்மானத்தைத் துடைக்க முடியுமா?

இங்கே ஒரு நல்ல யுக்தி உண்டு. வால்யூம் குமிழ் கிட்டத்தட்ட 270 டிகிரி திரும்பும். பெடல் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் உபயோகிக்கிறது. பல்சக்கரத்தைக் கழற்றி நாலு பல் தள்ளி மாட்டிவிட்டால், விரல் தேயாத புதுப் பட்டையில் ஓடும். பிறகு ஒரு தடவை காலிப்ரேட் செய்துகொண்டால் போதும். பைசா செலவில்லாத ரிப்பேர். ஆனால் மருமகனின் பெடலை ஏற்கெனவே யாரோ ஒரு புண்ணியவான் அப்படித் தள்ளி மாட்டி, அந்தப் பக்கத்தையும் தேய்த்து முடித்துவிட்டுத்தான் விற்றிருக்கிறான்.

"புதுசு போட்டுருவோம்" என்றார் அண்ணாச்சி. டிராயரைத் துழாவி, ஏதோ ஆம்ப்ளிஃபயரிலிருந்து எடுத்த பத்து கே வால்யூம் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினோம். நம்பர் ஒரு துடிப்பில்லை. மருமகன் முகத்தில் தீபாவளி. மோன்ஸாவின் நேர் ரோட்டில் பறந்து வந்து வளைவுக்கு முன் பிரேக்கைப் பாதி மிதித்தான். கார் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தான். நாலு சக்கரமும் இறுகிப் பூட்டிக்கொண்டு, கார் கும்மியடித்து, மணலில் போய்ப் படுத்தது.

பத்து தடவை ஓட்டியும் பத்து தடவையும் மணல்தான்.

நம்பரைப் பார்த்தோம். பாதி மிதித்தால் பத்தில் ஒரு பங்குதான் ஏறுகிறது, கடைசியில் ஒரேயடியாகப் பாய்கிறது. கழற்றி முதுகைப் பார்த்தேன். 'ஏ 10 கே' என்று பொடி எழுத்து. பழையதில் 'பி 10 கே'. அந்த ஒரு எழுத்தில்தான் சூட்சுமம். நம் காது விசித்திரமானது. சத்தம் இரண்டு மடங்கு ஆனதாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமென்றால் சக்தியைப் பல மடங்கு ஏற்ற வேண்டும். அதற்காக ஆம்ப்ளிஃபயர் வால்யூமை முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும்படி செய்வார்கள். அது ஏ. சீராக ஏறுவது பி. காதுக்கு ஏ, காலுக்கு பி. நாங்கள் பிரேக்குக்கு காது வைத்திருந்தோம்!

மறுபடி திருத்தங்கல். அண்ணாச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடடே, பி போட வேண்டியதுல்ல!" இருபது ரூபாய் சாமான். காசு வாங்க மறுத்துவிட்டார். (நீங்களே பற்றவைப்பதாக இருந்தால், மூன்று வயரும் இருக்கிற வரிசையைக் கழற்றும் முன்பு செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர வயர் இரண்டும் இடம் மாறினால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால்தான் வண்டி நிற்கும்.)

இந்த உரசல் தொல்லையே வேண்டாம் என்றால் காந்த ரகம் இருக்கிறது. 1879-ல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க மாணவர் கண்டுபிடித்த விஷயம். கரண்ட் ஓடும் தகட்டின் மேல் காந்தத்தைக் காட்டினால் அதன் குறுக்கே ஒரு பொடி வோல்ட் பிறக்கும். பெடலில் காந்தம், எதிரே சென்ஸார். ஒன்றை ஒன்று தொடாது, அதனால் தேயாது. விலைதான் தொடும்.

இப்போது பிரேக் சரி, ஆக்ஸிலரேட்டர் சரி. ஸ்டீயரிங் மட்டும் நேர் ரோட்டில் இன்னமும் ஆடியது. நம்பர் அசையவில்லை என்று சொன்னேனே, அந்த ஸ்டீயரிங்தான். அதற்குள் கரிப்பட்டையே கிடையாது. கோடு கோடாகக் கீறிய ஒரு சின்ன வட்டு சுற்றும், ஒளியை வைத்து அந்தக் கோடுகளை எண்ணிக்கொள்ளும். (மோட்டார் இல்லாத மலிவு ரகங்களில் ஸ்டீயரிங்குக்கும் வால்யூம் கன்ட்ரோல்தான், மேலே சொன்ன வைத்தியமே பொருந்தும்.) எண்ணிக்கை சரி, வயர் சரி. பிறகு எதற்கு ஆட்டம்? எனக்குப் பிடிபடவில்லை. மருமகன் அதற்குள் தன் வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டான். 'டெட் ஸோன்' என்று கேமில் ஒரு செட்டிங் உண்டு. நடுவில் கொஞ்ச தூரம் ஸ்டீயரிங்கை ஆட்டினாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே என்று சொல்வது. அதை ஐந்து, பத்து, பதினைந்து என்று ஏற்றிக்கொண்டே போனான். ஆட்டமும் நின்றபாடில்லை, வளைவில் காரும் திரும்பவில்லை.

"என்னடா அது, ப்ளேயைக் கூட்டுறியா?"

வாசலில் மச்சான். எத்தனை நேரம் நின்றிருந்தாரோ!

"லாரி ஸ்டீயரிங்குல ரெண்டு விரக்கடை ப்ளே இருக்கும், இருக்கணும். அதுக்கு மேல ப்ளே வந்தா டை ராடு எண்டைப் பாரு, கிங்பின்னைப் பாருன்னுவோம். நீ என்னடான்னா ஆட்டத்தை மறைக்க ப்ளேயைக் கூட்டுற. எந்த மெக்கானிக் சொல்லிக்குடுத்தான்?"

டெட் ஸோனுக்கு இவ்வளவு நல்ல தமிழ் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மச்சான் உள்ளே வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்து லேசாக உலுக்கினார். ஸ்டீயரிங்கோடு தையல் மிஷின் மேஜையும் சேர்ந்து ஆடியது. "சேஸிஸே ஆடுதுய்யா! இதுல எங்க ஓட்டுவ?" நாலாக மடித்த அட்டையை மேஜைக்காலுக்கு அடியில் கொடுத்து, பிடிமானத் திருகை முறுக்கினார். "இப்ப ஓட்டு."

மருமகன் ஓட்டினான். நேர் ரோடு வந்ததும் வழக்கம்போல் இரண்டு கையையும் எடுத்து, "பாருங்க, ஆடுது" என்றான்.

"ஏன் கையை எடுத்த?"

"இல்லப்பா, ஆடுறதைக் காட்ட..."

"கையை விட்டா எந்த வண்டிடா நேரா போகும்? பிடிடா. இறுக்காம, விடாம, கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடி."

பிடித்தான். ஆட்டம் நின்றது.

அதுதான் நான் முன்பு சொன்ன வேறு கதை. இந்த மாதிரி ஸ்டீயரிங்குக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. ரோட்டின் இழுப்பைக் கைக்குக் காட்டுவதற்காக கேம் அதை இடமும் வலமும் இழுக்கும். கம்ப்யூட்டர் 'நேராக்கு' என்று சொல்லி, மோட்டார் இழுத்து முடிப்பதற்குள் ஒரு இமைப்பொழுது தாமதம். அதற்குள் நடுவைத் தாண்டிவிடும். 'ஐயோ, தாண்டிட்டே' என்று மறுபக்கம் இழுக்கும், அதுவும் தாண்டும். பிடிக்கக் கையில்லாவிட்டால் இந்த ஊஞ்சல் நிற்காது. கை வைத்தால் நிற்கும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் அளவைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் சாதுவாகும். குறைத்தோம். டெட் ஸோனைப் பூஜ்யத்துக்கே கொண்டுவந்து வைத்தான் மருமகன். "ரெண்டு விரக்கடை?" என்று நான் கேட்டதற்கு, "அது லாரிக்கு மாமா" என்றான். அப்பாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஞாயிறு ராத்திரி நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். போனில்தான் ரிசல்ட். பதினெட்டு பேரில் பதினோராவது. யார் மேலும் மோதவில்லை, யாரும் இவன் மேல் மோதவில்லை. புகார் வாபஸ். குரலில் கொஞ்சம் சுரத்து குறைவாக இருந்ததால், நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் கதையைச் சொன்னேன். 2005-ல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயம். இருபது காரில் பதினாலு கார் டயர் தகராறில் ஆரம்பத்திலேயே ஒதுங்கிக்கொண்டன. ஓடிய ஆறில் நரேன் நாலாவது. ஆறில் நாலா என்று இன்னமும் கிண்டல் பண்ணுகிறவர்கள் உண்டு. ஐந்து பாயிண்ட் அவர் கணக்கில்தான் இருக்கிறது, ஒதுங்கிய பதினாலு பேர் கணக்கில் இல்லை.

"சரி மாமா. ஒரு நிமிஷம், அம்மா பேசணுமாம்."

அக்காவின் குரலில் புதுத் தகராறு.

"நீ வந்துட்டுப் போனதுல இப்ப ரெண்டு பேரு ஆயிட்டாங்கடா. பயல் ஏதோ லாரி விளையாட்டுப் போட்டுக் குடுத்துட்டான். உங்க மச்சான் ராத்திரி பதினோரு மணிக்கு ஜெர்மனிக்கு லோடு எடுத்துட்டுப் போறாரு. சோறு ஆறிப்போச்சுன்னு கூப்பிட்டா, 'இறக்கிட்டு வர்றேன்'ங்கிறாரு!"

யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 என்று செக் நாட்டுக்காரர்கள் 2012-ல் விட்ட கேம். ஐரோப்பா பூராவும் லாரி ஓட்டலாம். சிக்னல் தாண்டினால் ஃபைன், தூங்காமல் ஓட்டினால் கண் இருட்டும், எல்லாம் உண்டு. மச்சான் இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தில் ஜெர்மனியிலும் இடது பக்கமே ஓட்டியிருக்கிறார். எதிரே வந்த நாலு லாரிக்காரனைத் திட்டியிருக்கிறார். ராங் ஸைடுக்கு ஃபைன் மேல் ஃபைன். கம்பெனி திவாலாகும் நிலைமை.

போனில் மச்சானே வந்தார்.

"மாப்ள, அந்த ஊர்ல எல்லாரும் ராங் ஸைடுல வர்றாங்க. அப்புறம் பய சொன்னான், இங்கிலாந்துல மட்டும் நம்ம ஸைடாம். இனிமே லண்டன், மான்செஸ்டர் லோடு இருந்தா மட்டும் எடுன்னு சொல்லிட்டேன். நேத்து கப்பல்ல ஏத்தி டோவர்ல இறக்கினான் பாருங்க, அப்பத்தான் மூச்சே வந்துச்சு. ரோடு நல்லா இருக்கு மாப்ள. ஒரு டீக்கடைதான் காணோம்."